கை நனைத்த வீடு

ஹூப்ளி,
3.9.2023

அன்புத் தம்பி சுகுமாருக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மணியும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? வசுமதிக்குத் தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன் குரல் கேட்டதும் மணி துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுகிறான். மாமா ஊருக்குப் போகிறோம் என்று நினைப்பு. போன தடவை இருட்டும்வரை உள்ளே வரவில்லை. இருபத்தாறு வயசுப் பிள்ளையை இழுத்து வர எனக்குத் தெம்பில்லை. இன்னொன்று, போனில் நீ மழுப்புவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். வருகிற மே முப்பத்தொன்றோடு ரயில்வே ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் உறவு முடிகிறது. நர்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நம் புதுச்சேரியிலேயே வில்லியனூர், பாகூர் பக்கம் ஏதாவது கிராமத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்றிருக்கிறேன். நாம் இருவரும் முத்தியால்பேட்டைச் சந்தில் பிறந்தவர்கள், கிராமத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அதனால் வீட்டைப் பார்க்காதே, ஊரைப் பார். மழையில் போ. கரண்ட் இல்லாதபோது போ. குடிதண்ணீரைக் குடித்துப் பார். பாம்பு கடித்தால் எங்கே ஓடுவார்கள் என்று கேள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மணியைப் பற்றிச் சொல். உடம்பு வளர்ந்துவிட்டது, புத்தி ஐந்து வயசில் நின்றுவிட்டது, யாரையும் அடிக்க மாட்டான், யார் வந்தாலும் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவான், அவர்கள் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டான். இதைச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். எனக்குப் பிறகு அவன் அந்தத் தெருவை நம்பித்தான் இருக்கப் போகிறான். அவன் கூடவே நான் எத்தனை நாள் இருக்க முடியும்? எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

அபிதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

அக்கா
வைஜெயந்தி

*

மூலக்குளம்,
24.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகுமார் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். என் சர்க்கரை நூற்று அறுபதில் நிற்கிறது, வசுமதிக்குத் தெரியாமல் தின்ற மைசூர்பாகு உட்பட.

முதலில் அரியூர் பக்கம் போனேன். மெடிக்கல் காலேஜ் கைக்கெட்டும் தூரம், நெஞ்சு வலித்தால் நடந்தே போய்விடலாம். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “பேஷன்ட்டா, பாக்க வந்தீங்களா?” என்றார். இந்த இரண்டு வகை தவிர மனிதர்கள் உண்டென்றே அவருக்குத் தெரியாது போல. வாடகைக்கு விடத்தான் வீடு கட்டுகிறார்கள். திருபுவனை என் ஃபேக்டரி ஊர், உனக்குத் தெரியும். ஷிப்ட் விடும் நேரத்தில் சாலையில் காலை ஊன்ற இடமிருக்காது. இன்னொரு ஊர், பெயர் வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார்கள். இன்ஜினை அணைக்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்து பாகூர்ப் பக்கம் போகிறேன். ஏரிக்குத் தெற்கே நல்ல ஊர்கள் இருப்பதாக எங்கள் ஸ்டோர் கீப்பர் சொன்னார்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி
சுகுமார்

*

ஹூப்ளி,
10.10.2023

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். மணிக்கு ஜலதோஷம் வந்து போயிற்று.

“வீட்டில் அனைவரையும்” என்று எழுதியிருந்தாய். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்திக்குத்தான் கடிதம் போட்டிருக்கிறாய், மீதி ஒருவன்தான். அவன் பெயரை எழுதினால் பேனா மை தீர்ந்துவிடுமா?

மூன்று ஊர் பார்த்திருக்கிறாய். மணியைப் பற்றிச் சொன்னதற்கு அங்கே என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மழை பிடிக்கும் நேரம், ரெயின்கோட் எடுத்துக்கொண்டு போ.

அக்கா

*

மூலக்குளம்,
19.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

அக்கா, ஊர் கிடைத்துவிட்டது! மாங்கால்மேடு. பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டி இரண்டே தெரு. நேற்று நீ சொன்னபடி கொட்டுகிற மழையில் போனேன். தெருவில் முழங்கால் தண்ணீர். இது தேறாது என்று வண்டியைத் திருப்பப் பார்த்தேன். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் மண்வெட்டியோடு வெளியே வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வாய்க்காலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை வாரிப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் இல்லை. எங்கள் மூலக்குளத்தில் என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டுவிட்டுப் படுத்திருப்போம்.

ஒரு வீட்டோரமாக வண்டியை நிறுத்தியிருந்தேன். ஒரு அம்மாள் ஓடிவந்து, “யாருப்பா அது, வண்டிய எடு, ராமு வர்ற நேரம்!” என்று கத்தினார். ராமு யாரோ பெரிய ஆள் என்று நினைத்தேன். பார்த்தால், கண் தெரியாத ஒருவர் கையில் பால் கேனோடு தனியாக நடந்து வருகிறார். சுவரோரம் அவர் நடக்கிற பாதையில் அந்தத் தெருவில் ஒரு செருப்புகூடக் கிடக்காது. வாசல் சேற்றைக் கழுவ வைத்த வாளியைக்கூட ஒரு பெண் தூக்கி உள்ளே வைத்தாள். நானும் வண்டியை அவசரமாகத் தள்ளி நிறுத்தினேன்.

கத்திய அம்மாள் பெயர் கெங்கம்மாள். அங்கன்வாடியில் சமைக்கிறார். விற்கிற வீடு அவர் அண்ணன் வைத்திலிங்கத்துடையது. அவர் மகனோடு சென்னையிலேயே தங்கிவிட்டார். “யாருக்குக் குடுக்கறதுன்னு நீயே பாத்துக்க, பக்கத்து வூட்டுல காலம் தள்ளப்போறவ நீதானே” என்று தங்கையிடம் விட்டுவிட்டாராம். இரண்டு அறை, ஓடு நல்லதாக இருக்கிறது, பின்னால் ஒரு முருங்கை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை.

கிளம்பும்போது கெங்கம்மாள், “சாப்புடுறீங்களா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். விரால் மீன் குழம்பு வாசனை வாசல்வரை வந்துகொண்டிருந்தது. உடனே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தரம் சோறு வாங்கினேன். அவரும் பக்கத்து வீட்டு அமிர்தமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என் சாப்பாட்டைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும்.

தம்பி
சுகுமார்

*

ஹூப்ளி,
2.12.2023

அன்புத் தம்பி சுகுமாருக்கு,

சுகம். உன் கடிதத்தை மணிக்குப் படித்துக் காட்டினேன். விரால் என்றதும் கையைத் தட்டினான்.

ராமுவுக்கு வழிவிடும் தெருவைப் பற்றி நீ எழுதியதைப் பத்து முறை படித்தேன். உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் தார்வாட்டில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். பார்க்கப் போன அன்று எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மணி எங்கிருந்தோ டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்தப் பெண் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் வந்துவிட்டான். அடுத்த வாரமே, “பையனை வெளியே விடுவதில்லை என்று எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து, அவனை ஒளித்து வைக்கிற இடத்தில் குடியிருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது சொல். கெங்கம்மாளிடம் மணியைப் பற்றிப் பேசினாயா? அவர் முகம் எப்படி இருந்தது?

அக்கா

*

மூலக்குளம்,
7.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். ஃபேக்டரியில் வருஷக் கடைசி ஆடிட், அதனால்தான் தாமதம்.

ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. விலை பேசலாம் என்று மறுபடி போனால், விலை பேச்சே எழவில்லை. போன வாரம் கடலூரிலிருந்து வீடு கேட்டு வந்தவரை, “ஒருத்தரு கை நனைச்சிட்டுப் போயிட்டாரு, இனிமே ஆவாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெண் பார்க்கப் போகிற இடத்தில், சம்பந்தம் முடிவாகிறவரை நாம் சாப்பிட மாட்டோம் அல்லவா? கை நனைத்துவிட்டால் பெண்ணை எடுப்பதாக வாக்குக் கொடுத்த மாதிரி. மாங்கால்மேட்டில் வீட்டுக்கும் அதே வழக்கமாம். அது கல்யாணத்துக்குத்தானே என்று கேட்டேன். கெங்கம்மாள், “பொண்ணு குடுத்தா ஒரு வூட்டோட போச்சு. வூடு குடுத்தா தெருவே இல்ல சம்பந்தம் பண்ணுது?” என்றார். உன் தம்பி விரால் குழம்புக்கு ஆசைப்பட்டு உனக்கு வீடு நிச்சயம் செய்துவிட்டான்.

பத்திர வேலைக்கு உன் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று அனுப்பு. மற்றபடி எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

தம்பி
சுகுமார்

*

ஹூப்ளி,
18.1.2024

சுகுமார்,

நலம். ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன்.

“மற்றபடி எல்லாம்” என்றால் என்ன? மணியைப் பற்றிச் சொன்னாயா, இல்லையா? ஒரு கார்டில் ஆம் அல்லது இல்லை என்று எழுதிப் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

*

மூலக்குளம்,
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாகக் கார்டை எடுத்து எடுத்து வைத்தேன். இல்லை, அக்கா. சொல்லவில்லை. எந்த ஊரிலும் சொல்லவில்லை. என் அக்கா, ஓய்வுபெறப் போகிற நர்ஸ் என்று மட்டும்தான் சொன்னேன்.

மாங்கால்மேட்டை விட்டுவிட மனமில்லை. மணி விஷயம் தெரிந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். வீடு கைக்கு வந்த பிறகு தானாகத் தெரியட்டும் என்றிருந்தேன். பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தானே விட்டேன் என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உன் கார்டுக் கேள்விக்குப் பிறகு தூக்கமில்லை. போன ஞாயிறு போய்ச் சொல்லிவிட்டேன். கெங்கம்மாள் அங்கன்வாடி அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, “எத்தினி மாசமா வர்றீங்க?” என்றார். நவம்பரிலிருந்து என்றேன். “இப்பத்தான் வாய் வந்துச்சா?” என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அமிர்தமும் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரம் வாசலில் நின்றேன். குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை, அக்கா. முன்பே கொடுத்திருந்த உன் ஜெராக்ஸைத் திருப்பிக் கேட்டேன். “அது கெடக்கட்டும்” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

உனக்கு ஒரு தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, நானே கெடுத்துவிட்டேன்.

தம்பி
சுகுமார்

*

ஹூப்ளி,
10.3.2024

அன்புத் தம்பிக்கு,

நலம்தான். உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை, பன் வாங்கிச் சாப்பிட்டோம்.

கோபம் இருக்கிறது, சொல்லாமல் இருக்க மாட்டேன். அபிதாவின் கல்யாணத்துக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று நான் எழுதினேன். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்ப்பவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம்! அதைப் படித்துவிட்டு நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மணியைப் பற்றி நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வராமல் இருந்தால் உனக்குச் சௌகரியம் என்றும் தெரியும். அதனால்தான் அந்தப் பொய்யை நானே எழுதி உனக்கு வேலை மிச்சம் செய்தேன். அன்று அதை விட்டுக்கொடுத்தது என் தப்பு. பழகிவிட்டாய்.

இங்கேயே பழைய ஹூப்ளியில் ஒரு வாடகை வீடு பார்க்கிறேன். நீ அலைந்தது போதும். சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஹூப்ளி,
8.4.2024

அன்புத் தம்பி சுகுமாருக்கு,

நாங்கள் சுகம், ரொம்ப சுகம். உட்கார்ந்து படி.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் நாலரை மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் இரண்டு பெண்கள், காலருகே ஒரு பெரிய பை. “நர்ஸம்மா வூடு இதானே? நாங்க மாங்கால்மேடு” என்றார்கள். புதுச்சேரியிலிருந்து தாதர் வண்டியில், முன்பதிவுகூட இல்லாமல், உட்கார்ந்தபடியே வந்திருக்கிறார்கள். ஜெராக்ஸில் இருந்த விலாசம்தான் கையில். வந்தவர்கள் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷனில் தமிழ் பேசுகிற கேங்மேனிடம் கேட்டு, டீக்கடையில் கேட்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் பூ விற்கிறவளிடம் சைகையில் கேட்டு, என்னைப் பற்றி முழுக்க விசாரித்துவிட்டுத்தான் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஏழு மாதமாக நாம் ஊரை விசாரித்தோம், அவர்கள் அரை மணி நேரத்தில் என்னை விசாரித்துவிட்டார்கள்!

கெங்கம்மாளும் அமிர்தமும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காபி போடட்டுமா என்றேன். கெங்கம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை. “ஒண்ணும் வாணாம்மா. ஒங்க தம்பி எங்க வூட்டுல கை நனைச்சிட்டாரு. நாங்க இன்னும் நனைக்கல” என்றார். அதற்குள் மணி வந்துவிட்டான், இரண்டு கையாலும் ஒரு டம்ளரைப் பிடித்தபடி. கெங்கம்மாளிடம் நீட்டினான்.

“வாணாம் ராசா, பேசிட்டுக் குடிக்கறேன்” என்றார். மணிக்கு அதெல்லாம் தெரியுமா? நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. நான் உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. ஹூப்ளியில் தண்ணீர் எப்படி என்று அவர் கேட்டார், என் பென்ஷனைப் பற்றிக் கேட்டார், எந்தக் கோயிலுக்குப் போவேன் என்று கேட்டார். மணி அப்படியே நிற்கிறான். தண்ணீர் தளும்பி அவர் புடவையில் சொட்டுகிறது. கெங்கம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். பிறகு அமிர்தத்தைப் பார்த்து, “இவன் உட மாட்டான் போலருக்கேடி” என்று சொல்லி, டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். மணி ஓடிப்போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தான். மூன்று டம்ளர் குடித்தார், சுகுமார். மூன்றாவதில் அவர் கண்ணிலும் தண்ணீர். நான் அழுதே விட்டேன்.

அப்புறம் கேட்டேன், என் தம்பி சொன்ன அன்று ஏன் கதவுக்குள் போய்விட்டீர்கள் என்று. “கோவந்தான். பாம்பு வருமா, தண்ணி உப்பா, பஸ்ஸு எத்தினின்னு இன்னா இன்னாவோ கேட்டாரு. ராமு போற வழியில வண்டிய உட்டு எங்கிட்ட திட்டும் வாங்கினாரு. எல்லாம் கண்ணால பாத்துட்டு, புள்ளய மட்டும் எங்ககிட்ட மறைச்சாரே, எங்கள இன்னான்னு நெனச்சுகினாரு?” என்றார். அதற்குப் பதில் உன்னுடையது.

ராத்திரிக்குப் பை திறந்தது. அரிசி, முருங்கைக்காய், விரால் கருவாடு. நான் குழம்பு வைக்க, அமிர்தம் காய் நறுக்க, மணி இலை போட்டான். நன்றாகவே கை நனைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போவார்களாம். இதோ, நான் எழுதும்போது அவன் அடுப்படியில் கெங்கம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இத்தனை நாளாக ஆளில்லையாம், அந்த வேலை அவனுக்கு என்று சொல்லிவிட்டார்.

வைகாசி முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டுமாம், நாளும் குறித்துவிட்டார். ஜூன் ஒன்பது, ஞாயிறு. அபிதா கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உனக்கு ஒரு செய்தி, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஒங்க தம்பி பொண்ணையும் மாப்ளையையும் இட்டுகினு வரணும். இல்லாங்காட்டி அவருக்கு எங்க தெருவுல தண்ணி கெடையாது.”

அக்கா
வைஜெயந்தி

*

மூலக்குளம்,
21.4.2024

அன்புள்ள மணிபாரதிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ நலமா? ஜலதோஷம் முழுக்கப் போய்விட்டதா? இதை அம்மாவைப் படிக்கச் சொல்.

நேற்று அபிதா வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை திலீப்பிடம், அவன் அப்பா அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே, உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் போட்டோவைக் காட்டினேன். “இத்தினி நாளா ஏன் மாமா சொல்லல?” என்று கேட்டான். அபிதா அழுதாள். “மொதல்ல மணிகிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா” என்றாள். கேட்கிறேன்டா, மணி.

ஜூன் ஒன்பதாம் தேதி நான், அத்தை, அபிதா, திலீப் நாலு பேரும் வருகிறோம். நாலு இலை போட்டு வை. எனக்குத் தண்ணீர் நீதான் தர வேண்டும். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.

உன் மாமா
சுகுமார்